கறுப்புக் கரை போட்ட குருவி

1

எங்கள் குருவி பார்க்கும் குழுவிலிருக்கிற மார்கரெட்டுக்கு எழுபத்து நான்கு வயது. முழங்கால் இரண்டும் தேய்ந்துபோய் வீட்டைவிட்டு அதிகம் நகர்வதில்லை. போன செவ்வாய்க்கிழமை காலை, தேநீர்க் கோப்பையைக் கழுவிக்கொண்டே ஜன்னல் வழியாக வெளியே பார்த்திருக்கிறாள். தலையிலிருந்து வால்வரை ஒரே சிவப்பாக ஒரு குருவி அவள் வீட்டு வேலிமேல் உட்கார்ந்திருந்ததாம். அமெரிக்காவின் தெற்கில் இருக்க வேண்டிய குருவி அது. வசந்தத்தில் வடக்கே கிளம்பும்போது பின்னாலிருந்து காற்று பலமாகத் தள்ளினால், இறங்க வேண்டிய ஊரில் இறங்காமல் கனடாவில் எங்கள் ஏரிக்கரைவரைக்கும் வந்துவிடும். எப்போதாவதுதான் அப்படி நடக்கும். நடக்கும்போதெல்லாம் மார்கரெட் வீட்டு வேலிக்குத்தான் வரும்.

அதே காலையில் நான் எங்கே இருந்தேன் என்று கேளுங்கள். ஐந்து மணியிலிருந்து ஏரிக்கரைச் சதுப்பில் இரண்டு ஜோடி காலுறையும் கையுறையும் போட்டுக்கொண்டு, கழுத்தில் தொலைநோக்கி தொங்க, மூக்கு ஒழுக நின்றுகொண்டிருந்தேன். தினமும் பார்க்கிற குருவிகளைத்தான் பார்த்தேன். செய்தி வந்து நான் காரை எடுத்துக்கொண்டு ஓடியபோது வேலி காலியாக இருந்தது. மார்கரெட் எனக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தாள். "அழகான குருவி, தேவகி. நீ பார்த்திருக்க வேண்டும்" என்றாள்.

இந்த ஊருக்கு நாங்கள் வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. நான் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் ரத்தக் குப்பிகளுக்கு நடுவே வேலை பார்க்கிறேன். லீவு நாளெல்லாம் குருவி பார்க்கிறேன். ஏரிக்கரைப் பாதையின் தொடக்கத்தில் ஒரு மரக் குடிசை இருக்கிறது. அதில் ஒரு கரும்பலகை. ஒவ்வொரு வசந்தத்திலும் வழக்கத்துக்கு மாறான குருவி ஏதாவது வந்தால் அதன் பெயரையும், அதை முதலில் பார்த்தவர் பெயரையும் சுண்ணாம்புக்கட்டியால் எழுதுவார்கள். இருபத்திரண்டு வசந்தத்தில் என் பெயர் அந்தப் பலகையில் ஒருமுறைகூட ஏறவில்லை. மற்றவர்கள் காட்டிய பிறகு பார்த்தவை ஏராளம். முதலில் பார்த்தது ஒன்றுகூட இல்லை. எனக்கு வயிறு எரிகிறது. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமும் இல்லை.

ஆனால் எங்கள் குருவிக் குழுவில் எனக்கும் ஒரு மதிப்பு உண்டு. அது ஒரு கதையால் வந்த மதிப்பு. மே மாதக் கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு யாராவது ஒருவர் தன் முதல் பறவையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைத்தான் அடிக்கடி எழுப்பிவிடுவார்கள். கதை இதுதான். அப்போது எனக்குப் பத்து வயது, பங்குனி மாதம். திருத்தணிக்குப் பக்கத்தில், கே.ஜி.கண்டிகையில் எங்கள் நிலத்துக் கிணற்று மேட்டில் ஒரு சின்னக் குருவியைப் பார்த்தேன். நெஞ்சு முழுக்கச் செங்கல் நிறம், இரண்டு பக்கமும் கறுப்புக் கரை. வீட்டுக்கு ஓடினேன். தங்கை சுகுணா அம்மை வார்த்துப் படுத்திருந்தாள். அவளிடம் சொன்னேன். "பொய்" என்றாள். அப்பா, எங்களுக்கு நைனா, அவரும் சிரித்தார். யாரும் நம்பவில்லை. இங்கே வந்த பிறகு நூலகத்தில் இந்தியப் பறவைகள் பற்றிய ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டினேன். அதில் அதே குருவி! காஷ்மீர் ஈப்பிடிப்பான். குளிர்காலத்தை இலங்கை மலைகளில் கழித்துவிட்டு, பங்குனி வாக்கில் காஷ்மீருக்குத் திரும்பும். வழியில் எங்கேயாவது ஓரிரு நாள் தங்கும். எங்கள் பக்கம் அதைப் பார்த்ததாகப் பதிவே இல்லை.

இந்த இடத்தில் கேட்பவர்கள் எல்லோரும் "ஆ" என்பார்கள். பார்த்த பறவைகளை எழுதிவைக்கிற என் சொந்தப் பட்டியலில் முதல் பறவை அதுதான்.

வருகிற சனிக்கிழமைக் கூட்டத்தில் அந்தக் கதையைத் திரும்பச் சொல்லக் கேட்டார்கள். எனக்கு ஜலதோஷம் என்று சொல்லிவிட்டேன். ஜலதோஷம் இல்லை.

2

சுகுணாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என்னைவிட மூன்று வயது சின்னவள். திருத்தணியிலேயே வாழ்க்கைப்பட்டாள். அவள் கணவர் மலையடிவாரத்தில் தேங்காய், பழம், பூ விற்கிற அர்ச்சனைக் கடை வைத்திருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் ஒரு மாடு, ஒரு முருங்கை மரம், துணி துவைக்கிற கல். கிருத்திகை நாளில் காவடியும் மொட்டைத் தலையுமாகக் கூட்டம் நெரிக்கும். கடைக்குத் தார் தாராகப் பழம் இறக்குவார்கள். விற்காமல் கனிந்து கறுத்துப்போன பழமெல்லாம் மறுநாள் மாட்டுக்கு. அதைக் கொல்லையில் குவித்துவைப்பாள்.

நான் ஊரைவிட்டு வந்தேன். அவள் இருந்தாள். அதனால் நைனாவின் கடைசி வருடங்கள் அவளுக்குக் கிடைத்தன. அம்மாவின் புடவைகளை அவள்தான் பிரித்தாள். எனக்கு எது வேண்டும் என்று போனில் படம் எடுத்து அனுப்பிக் கேட்டாள். நியாயமாகத்தான் கேட்டாள். இருந்தாலும் புடவையைப் படத்தில் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறவளுக்கும், பீரோவைத் திறந்து மூக்கை வைத்து மோந்து பார்க்கிறவளுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

இப்போது என் மகள் நந்தினியும் அங்கே இருக்கிறாள்.

இருபத்தொரு வயது. இங்கே பல்கலைக்கழகத்தில் ஒரு பருவத்தைத் தள்ளிவைத்துவிட்டு, "கொஞ்ச நாள் சித்தி வீட்டில் இருக்கணும்" என்று கிளம்பினாள். இந்த வீட்டில் நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள். அம்மா என்று கூப்பிட்டுவிட்டு அடுத்த வார்த்தையிலேயே மொழி மாறிவிடும். நானும் விட்டுவிட்டேன். அவள் விசாவுக்காக ஒரு மாதம் அலைந்தேன். தாயின் பிறந்த ஊர் என்ற கட்டத்தில் கே.ஜி.கண்டிகை என்று எழுதினால், முன்னால் இருக்கிற இரண்டு எழுத்துக்கு விரிவு வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். எனக்குத் தெரியாது. சுகுணாவுக்கும் தெரியாது. இவ்வளவு நாள் அந்த ஊர்க்காரி என்று சொல்லிக்கொண்டு திரிந்தவளுக்கு ஊரின் முழுப்பெயர் தெரியவில்லை. கடைசியில் திருத்தணி என்று போட்டுச் சமாளித்தோம்.

போய் மூன்று வாரத்தில் வீடியோவில் பேசினாள்.

"சாப்டியா?" என்றேன்.

"ஆங், சாப்ட்டேன்மா. சித்தி தோசை ஊத்திகினு கீறாங்க" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்த 'கினு'வை நாக்கிலிருந்து கழற்ற நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சென்னைக் கல்லூரியில் என்னை அதற்காகவே கேலி செய்தார்கள். நான் உதறியதை என் மகள் என் தங்கையிடமிருந்து பொறுக்கி எடுத்து, மூன்றே வாரத்தில் மாட்டிக்கொண்டுவிட்டாள். இருபது வருடம் நான் தமிழைக் கொடுத்துப் பார்த்தேன், வாங்கிக்கொள்ளவில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். போனை வைத்துவிட்டுப் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினேன்.

3

இனி நான் செய்த காரியம்.

உலகம் முழுக்க யார் வேண்டுமானாலும் தான் பார்த்த பறவையைப் பதிவு செய்யலாம் என்று ஓர் இணையதளம் இருக்கிறது. ஊருக்குப் பழக்கமான பறவை என்றால் நேராக ஏறிவிடும். அரிதான பறவை என்றால் அந்தப் பகுதிக்கென்று இருக்கிற சரிபார்ப்பவரிடம் போய் நிற்கும். அவர் ஒத்துக்கொண்டால்தான் பதிவு செல்லும். சம்பளம் கிடையாது. பெயரும் வெளியே தெரியாது. திருத்தணி, திருவாலங்காடு பக்கத்துக்கு அங்கேயே ஆள் கிடைக்காததால், அந்த ஊர்க்காரி என்று என்னைப் போட்டார்கள். ஏழெட்டு வருடமாகச் செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறை மேசையில் கணினியை வைத்துக்கொண்டு, பதின்மூன்றாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் யார் எதைப் பார்த்தார்கள் என்று தீர்ப்பு சொல்வேன். பெரும்பாலும் மைனாவைப் பார்த்துவிட்டு வேறு எதையோ எழுதியிருப்பார்கள்.

பங்குனி மாதம் ஒரு பதிவு வந்து நின்றது. பறவை: காஷ்மீர் ஈப்பிடிப்பான். இடம்: திருத்தணி. பார்த்தவர்: சுகுணா.

கீழே குறிப்புப் பகுதியில் தமிழிலேயே எழுதியிருந்தது. எழுதியது நந்தினியாக இருக்கலாம், சொன்னது சுகுணாதான் என்று ஒவ்வொரு வார்த்தையும் காட்டிக்கொடுத்தது. "கிருத்திகைக்கு மறுநாள் காலைல மாட்டுக்கு வச்ச பழத்துமேல ஈ மொச்சிகினு இருந்துச்சு. முருங்கை மரத்துலருந்து ஒரு சின்னக் குருவி எறங்கி எறங்கி ஈ புடிச்சிது. வால தூக்கித் தூக்கி ஆட்டுச்சு. நெஞ்சு செங்கல் கலர். ரெண்டு பக்கமும் கறுப்பு கரை, புடவைக்குப் போட்ட மாதிரி."

படித்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. இதே மாதிரி சிவந்த நெஞ்சோடு இன்னொரு ஈப்பிடிப்பான் எங்கள் பக்கம் குளிர்காலத்தில் வருவது உண்டு. அதற்குக் கறுப்புக் கரை கிடையாது. இந்த இரண்டையும் பிரிக்கத் தெரியாமல் பெரிய பெரிய ஆட்களே தடுமாறுவார்கள். இவள் துணி துவைத்துக்கொண்டே பிரித்துவிட்டாள். தொலைநோக்கி கிடையாது, கையுறை கிடையாது, மூக்கு ஒழுகவில்லை. அழுகின பழத்தை மாட்டுக்கு வைத்தாள், அது வந்து உட்கார்ந்தது. என் குருவி. என் பட்டியலின் முதல் குருவி அவள் கொல்லைக்குப் போய் நின்றிருக்கிறது.

சொந்தக்காரர்களின் பதிவு வந்தால் வேறொரு சரிபார்ப்பவருக்குத் தள்ளிவிட வேண்டும். அது விதி. நான் தள்ளவில்லை. பதில் எழுதினேன்.

"பார்த்த தேதி தெளிவாக இல்லை. புகைப்படம் இல்லை. தாங்கள் கண்டது பரவலாகக் காணப்படும் வேறொரு ஈப்பிடிப்பானாக இருக்கவே வாய்ப்பு அதிகம். எனவே இப்பதிவை ஏற்க இயலவில்லை."

தேதி தெளிவாக இல்லையாம். பங்குனிக் கிருத்திகைக்கு மறுநாள் என்ன தேதி என்று எனக்கா தெரியாது? எங்கள் வீட்டில் கல்யாணமும் கடனும் காய்ச்சலும் கிருத்திகையை வைத்துத்தான் பேசப்படும். என் சமையலறையில் இன்றைக்கும் ஊர் நாள்காட்டி தொங்குகிறது. தலையைத் திருப்பினால் தெரியும். நான் திருப்பவில்லை. பொத்தானை அழுத்திவிட்டு எழுந்து காப்பி போட்டுக் குடித்தேன். காப்பி அன்றைக்கு நன்றாகவே இருந்தது.

4

மறுநாளே சுகுணாவிடமிருந்து அழைப்பு வந்தது.

"அக்கா, இன்னா பண்ணினு கீற? ஒரு விஷயம் கேளு. நான் ஒரு குருவி பாத்தேன். நந்தினி அத கம்ப்யூட்டர்ல ஏத்துச்சு. எவனோ ஒரு பிரகஸ்பதி ஒத்துக்க மாட்டேன்னுட்டான்."

"அப்படியா?" என்றேன்.

"தேதி இல்லியாம். கிருத்திகைக்கு மறுநாளுன்னு தெளிவா சொல்லிகீறேன். இதுக்கு மேல இன்னா தேதி வேணும் அவனுக்கு? அவன் இன்னா எங்கூட வந்து கொல்லையில நின்னுகினு இருந்தானா? வேற குருவியாம். என் கண்ணு எனக்குத் தெரியாதா?"

"அவங்களுக்கும் நாலும் தெரிஞ்சிருக்கும் இல்ல சுகுணா. படம் இல்லாம எப்படி நம்புவாங்க?"

"நீ சொல்லுக்கா. நீதான இதெல்லாம் படிச்சவ. நான் பாத்தது எது?"

என் தங்கை என்னிடம் நேராகக் கேட்டாள். போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அவங்க சொல்றது சரியாத்தான் இருக்கும்" என்றேன்.

பிறகு, "சரி, படம்தான வேணும்? எடுத்துக் காட்டுறேன் அவனுக்கு" என்றாள்.

அடுத்து நடந்ததை நந்தினி தினமும் சொல்லிக்கொண்டே இருந்தாள். சுகுணா மாட்டுக்குப் பழம் வைப்பதை நிறுத்திவிட்டாள். பழக்குவியல் அப்படியே கிடந்தால்தான் ஈ மொய்க்கும், ஈ மொய்த்தால்தான் குருவி நிற்கும் என்பது அவள் கணக்கு. மாடு கத்தியது. கொசுவும் ஈயும் வீட்டுக்குள் வந்தன. அவள் கணவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "கடையில நாத்தம் தாங்காம வீட்டுக்கு வந்தா, வீட்ல அதுக்கு மேல கீது" என்று கத்தினார். பக்கத்து வீட்டுக்காரி சண்டைக்கு வந்தாள். சுகுணா அசையவில்லை. தன் பங்குக்குக் கூடுதலாக இரண்டு சீப்பு பழத்தையும் கசக்கிப் போட்டாள். நந்தினி ஒரு வாடகைக் கேமராவோடு மாட்டுக் கொட்டகையில் பாய் போட்டு உட்கார்ந்துவிட்டாள். இங்கே என்னோடு ஏரிக்கரைக்கு வா என்று கூப்பிட்டால் போர்வையை இழுத்துத் தலையில் மூடிக்கொள்கிற பெண் இவள்.

நான் இங்கே தினமும் ஒரே ஒரு வேண்டுதல் வைத்தேன். அந்தக் குருவி கிளம்பிப் போயிருக்க வேண்டும்.

ஐந்தாம் நாள் காலையில் படம் கிடைத்தது.

5

இரண்டாவது பதிவு என் முன்னால் வந்து நின்றது. தேதி இருந்தது. படம் இருந்தது. குருவி கறுத்த பழத்தோல்மேல் வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. நெஞ்சிலிருந்து வயிறுவரை செங்கல் நிறம். கழுத்தோரம் இரண்டு பக்கமும் கறுப்புக் கரை, அச்சடித்தது போலத் தெளிவாக. உலகத்தில் எந்தச் சரிபார்ப்பவரும் மறுக்க முடியாது. நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். இத்தனை நாளில் அந்தக் குருவியின் முகத்தை நான் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

அப்புறம்தான் கீழே இருந்த குறிப்பைப் படித்தேன்.

"இந்தக் குருவிய இந்தப் பக்கம் மொதல்ல பாத்தது நான் இல்ல. எங்க அக்கா தேவகி. சின்ன வயசுல கே.ஜி.கண்டிகைல எங்க கெணத்து மேட்டுல பாத்துட்டு வந்து சொல்லிச்சு. நான்தான் பொய்னு சொல்லிட்டேன். அது சொன்ன மாதிரியே கீது. அதனால மொதல்ல பாத்தவங்கன்னு போடற எடத்துல எங்க அக்கா பேரப் போடணும்னு கேட்டுக்கறேன்."

என்ன செய்வது என்று தெரியவில்லை. ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. எந்த ஆபீசிலும் செய்வதைத்தான் செய்தேன். கிடப்பில் போட்டேன். ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது, மூன்றாவது வாரமும் வந்தது. சுகுணா போன் செய்தால் மார்கரெட் முழங்காலைப் பற்றிப் பேசினேன். நந்தினி மே மாதம் திரும்பி வருவதாக இருந்தது. டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுவிட்டாள். "சித்திக்கு ரிசல்ட் வர்ற வரைக்கும் இருக்கேன்" என்றாள். தேர்வு முடிவுக்குக் காத்திருப்பது போலச் சொன்னாள்.

மார்கரெட் வீட்டு வேலியில் சிவப்புக் குருவி வந்துபோன மறுநாள் நந்தினியின் செய்தி வந்தது. அதுவும் தமிழில், தமிழ் எழுத்தில். அவள் எனக்குத் தமிழில் எழுதிய முதல் செய்தி.

"அம்மா, அது நீதான்னு எனக்குத் தெரியும். சண்டே சண்டே நீ அந்தப் பக்கத்தைப் பாக்கறத ஸ்கூல் படிக்கறப்பலருந்து பாத்திருக்கேன். மொத தடவ ஏத்தும்போதே தெரியும். நீதான் மொதல்ல படிப்பே, சந்தோஷப்படுவேன்னுதான் ஏத்தினேன். சித்திகிட்ட நான் சொல்லல. வெள்ளிக்கிழம சித்திரைக் கிருத்திகை. அதுக்குள்ள நீ சொல்லிடு. இல்லன்னா நான் சொல்லிடுவேன்."

எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. அதையும் சித்திதான் திருத்திக் கொடுத்திருப்பாள் என்று முதலில் நினைத்தேன். சித்திக்குத் தெரியாமல் எழுதியது என்று அப்புறம்தான் உறைத்தது.

6

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு அழைத்தேன். அங்கே பிற்பகல் மூன்றரை. சுகுணா கடையில் இருந்தாள். பின்னால் அரோகரா சத்தம், திருப்பதி பஸ்ஸின் ஹாரன், சில்லறை கேட்கிற குரல்கள்.

"இன்னாக்கா இந்நேரத்துல? கூட்டம் நெரிச்சினு கீது."

"சுகுணா, உன் குருவிய வேணாம்னு திருப்பி அனுப்பின பிரகஸ்பதி நான்தான்."

"இன்னாது?"

"நான்தான். எனக்குத் தெரியும் அது எந்தக் குருவின்னு. படிச்ச ஒடனே தெரியும். தெரிஞ்சேதான் மறுத்தேன்."

"ஏங்கா?"

"பொறாமை."

வாழைப்பழம் எவ்வளவு என்று யாரோ கேட்டார்கள்.

"உனக்கா? எம்மேலயா?" என்றாள். "வெளிநாட்ல கீற. காரு கீது. எனக்கு இன்னா கீதுன்னு பொறாம?"

அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் அன்றைக்கு முடியாது. இன்னொன்று பாக்கி இருந்தது. அதைச் சொல்லாமல் போனை வைத்தால் மறுபடி அழைக்கத் தைரியம் வராது.

"இன்னொண்ணு சொல்லணும். கெணத்து மேட்டுல நான் குருவி எதையும் பாக்கல."

"இன்னாக்கா சொல்ற?"

"உனக்கு அம்மை வார்த்திருந்திச்சு. எல்லாரும் உன்னச் சுத்தியே இருந்தாங்க. நைனா உனக்குன்னு எளநி வெட்டிகினு வருவாரு. வேப்பிலையால விசிறினு அம்மா உன் பக்கத்துலயே உக்காந்திருக்கும். என்ன யாரும் திரும்பிப் பாக்கல. எனக்கு ஏதாவது ஒண்ணு வேணும்போல இருந்திச்சு, உங்கிட்ட இல்லாத ஒண்ணு. அம்மாவோட செங்கல் கலர் புடவ பம்புசெட்டு செவுத்துல காஞ்சினு இருந்திச்சு, கறுப்புக் கரை போட்டது. அதப் பாத்துட்டு வந்து குருவின்னு சொன்னேன். நீ படுத்துகினு இருக்க, எழுந்து வந்து பாக்க முடியாதுன்னு தெரியும். அதனாலதான் சொன்னேன்."

சொல்லி முடித்தபோதுதான் கவனித்தேன். கல்லூரிக் காலத்திலிருந்து வாயில் வராத 'கினு'வெல்லாம் வரிசையாக வந்திருந்தது.

பல வருடம் கழித்து நூலகத்துப் புத்தகத்தில் அந்தக் குருவியின் படத்தைப் பார்த்தபோது புத்தகத்தை மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தேன். நான் புடவையை வைத்துக் கட்டிய குருவி நிஜமாகவே உலகத்தில் இருந்தது. அன்றைக்கே அதை என் பட்டியலில் முதல் இடத்தில் எழுதிவிட்டேன். சொல்லிச் சொல்லி, பார்த்தது போலவே ஆகிவிட்டது. சில வருடங்கள் அது பொய் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

போனில் பஸ் ஹாரன் அடித்தது. சுகுணா திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும்.

"எனக்கு ஒடம்பு சரியானப்புறம் இன்னா பண்ணேன் தெரியுமா?" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "தெனம் காலைல கெணத்து மேட்டுக்குப் போயி உக்காந்துப்பேன். நீ ஸ்கூலுக்குப் போனப்புறம். உனக்குத் தெரியக் கூடாதுன்னு. அந்த வருஷம் மட்டும் இல்லக்கா. கல்யாணம் கட்டி இங்க வந்தப்புறமும், பங்குனி பொறந்தா கண்ணு மரத்து மேலயே போவும். துணி தொவைக்கச் சொல்லவும் முருங்கை மரத்தத்தான் பாத்துகினு இருப்பேன்."

"நீ பொய்னு சொன்னியே?"

"வாயி சொல்லுச்சு. நீ மட்டும் பாத்துட்டியேன்னு வயித்தெரிச்சல்ல சொன்னேன். நம்பாமயா நாப்பது வருஷம் தேடினு இருந்தேன்?"

அங்கே அரோகரா சத்தம் நெருங்கி வந்து கடந்து போனது.

"அப்ப ஒண்ணு கேக்கறேன், கரெக்டா சொல்லு" என்றாள் சுகுணா. "இந்தப் பக்கம் அத மொதல்ல பாத்தது யாரு? நானா?"

"ஆங்" என்றேன். "நீதான்."

"ஏங்க!" என்று அவள் கணவரைப் பார்த்துக் கத்தினாள். "நான்தான் மொதலாம்! எங்க அக்காவே சொல்லிச்சு!" அவர் என்ன சொன்னாரோ, பக்கத்தில் நந்தினி சிரிக்கிற சத்தம் கேட்டது. போனை வைக்க அவள் மறந்துவிட்டாள். தேங்காய் உடைகிற சத்தத்தையும், எங்கள் வீட்டில் எனக்குக் கேட்காத என் மகளின் சிரிப்பையும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு நானே வைத்தேன்.

அன்றைக்கு மத்தியானமே பதிவை வேறொரு சரிபார்ப்பவருக்குத் தள்ளினேன். முதலில் பார்த்தவர் பற்றிய குறிப்பு தவறு, தேவகி என்பவர் அப்பறவையைப் பார்த்ததில்லை என்று கூடவே எழுதினேன். மாலைக்குள் அவர் ஏற்றுக்கொண்டுவிட்டார். பிறகு என் பட்டியலைத் திறந்து முதல் வரியை அழித்தேன். இரண்டாவதாக இருந்த ஏதோ ஒரு சாதாரணச் சிட்டு முதலிடத்துக்கு ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஜலதோஷம் சரியாகிவிட்டது என்று குழுவுக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். சனிக்கிழமை போய், இந்த முறை நடந்ததைப் பேசப்போகிறேன். மார்கரெட்டும் வருகிறாளாம், யாரோ காரில் அழைத்து வருகிறார்கள். உண்மையைச் சொல்லிவிட்டதால் மனம் லேசாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. வயிறு இன்னும் எரிகிறது. புடவையைப் பார்த்துப் பொய் சொன்னது நான். நான் சொன்ன பொய்யைக்கூடக் கடைசியில் கண்ணால் பார்த்தது சுகுணாதான்.